தீராத வலி – 9: கசகசாவின் தாய்ச்செடி

போன வாரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில் நிறுத்தியிருந்தேன். புற்றுநோய் வலி வேறு, கரும்பு வெட்டிக் கட்டுக் கட்டித் தேய்ந்துபோன முதுகின் வலி வேறு என்று பிரித்துப் பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மாத்திரையைச் சட்டப்படி யாரிடம், எப்படிக் கேட்டு வாங்குவது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதிவிடுகிறேன். ஆனால் கசகசாவைச் சொல்லாமல் என்னால் அங்கே போக முடியவில்லை. அலுவலகத்திலிருந்து போன் மேல் போன் வருகிறது, நானோ நாலு நாளாகக் கசகசா வயலிலேயே நிற்கிறேன்.

குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கிறோமே, அந்தக் கசகசாவும் மார்பினும் ஒரே செடியின் ஒரே காயிலிருந்து வருகின்றன. பச்சைக் காயின் தோலைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். அபினிலிருந்து பிரித்தெடுப்பது மார்பின். பால் வடிந்த காயைச் செடியிலேயே காயவிட்டு உடைத்தால் உள்ளே பொலபொலவென்று கொட்டுவது கசகசா. விதைக்குள் போதை கிடையாது. மேலே ஒட்டிக் காய்ந்த பால் இம்மியளவு இருக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் துபாய், சவுதி, சிங்கப்பூர் போகிறவர்கள் பெட்டியில் கசகசாப் பொட்டலம் வைக்கக் கூடாது, அங்கெல்லாம் அது தடை செய்யப்பட்ட பொருள். நம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற அம்மாக்கள் இந்த வரியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செடியை அரசாங்க அனுமதியோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் பயிரிடுகிறார்கள். குவாலியரில் இருக்கும் மத்திய போதைப்பொருள் பணியகம் உரிமம் தருகிறது. உரிமத்தை அங்கே ‘ஆரி’ கணக்கில் பேசுகிறார்கள். பத்து ஆரி என்றால் நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட். சில வீட்டு மனைகள் அளவே உள்ள அந்த நிலத்துக்கு அளவெடுப்பு, சோதனை, பதிவேடு எல்லாம் உண்டு.

பால் எடுக்கிற விதம்தான் என்னைக் கட்டிப்போட்டது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூவிதழ் உதிர்ந்து காய் திரண்டதும், மூன்று நான்கு ஊசிமுனைகள் சேர்த்துக் கட்டிய ‘நக்கா’ என்ற சிறு கருவியால் மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொரு காயாகக் கீறுகிறார்கள். ஆழம் கூடினால் பால் காய்க்குள்ளேயே இறங்கிவிடும், குறைந்தால் வடியாது. கை பழகியவர்கள்தான் கீற முடியும். வெள்ளையாகக் கசிந்த பால் இரவெல்லாம் காற்றுப்பட்டுப் பழுப்பாகி இறுகுகிறது. விடியற்காலையில், வெயில் ஏறும் முன், அதை வழித்தெடுக்கிறார்கள். சில நாள் இடைவெளி விட்டு அதே காயை மறுபடியும் கீறுகிறார்கள். தினமும் எடுத்த அபினை எடைபோட்டு, ஊரில் அதற்கென்று பொறுப்பேற்ற ‘லம்பர்தார்’ பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார். இப்படிக் கீறி எடுத்த அபினைச் சட்டப்படி உலகச் சந்தைக்கு அனுப்புகிற நாடு இன்று இந்தியா மட்டும்தான்.

மத்தியப் பிரதேசத்தில் நீமச் பக்கத்து விவசாயிகளுக்குக் கிளிகள் பெரிய தலைவலி. பால் ஊறிய காய்களைக் கொத்திக் கடித்து எடுத்துக்கொண்டு பறந்துவிடுகின்றன. காவலுக்கு ஆள் போட்டு, டமாரம் அடித்து, பட்டாசு கொளுத்திப் பார்க்கிறார்கள். கிளி திரும்பத் திரும்ப வருகிறது. எடை குறைந்தால் அடுத்த ஆண்டு உரிமமே போய்விடுமோ என்ற பயம் அந்த விவசாயிக்கு. இன்னொரு பக்கம், கங்கைக் கரையில் காஜிப்பூரில் 1820-இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கிய அபின் ஆலை இன்றும் அரசு ஆலையாக நடக்கிறது. அதன் கழிவுநீரைக் குடித்துவிட்டுக் கிறங்கிக் கிடக்கும் குரங்குகளைப் பற்றிப் பத்திரிகைகள் பல முறை எழுதியிருக்கின்றன.

இத்தனை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. செடி நம் மண்ணில் விளைகிறது, பிழிந்தெடுப்பது நம் அரசாங்கத்தின் ஆலை, மாத்திரை செய்வது நம் கம்பெனி. பத்து மில்லிகிராம் மார்பின் மாத்திரை சில ரூபாய்தான். உலக சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மார்பின் இருந்தது. ஆனாலும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் எத்தனையோ வீடுகளில் கடைசி மாதங்களை ஒருவர் அலறியே கழிக்கிறார். இதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

குறுக்கே நின்றது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். அந்த ஆகஸ்டில் மசோதா வந்தது, செப்டம்பரில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது, நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. கடத்தலைத் தடுப்பதுதான் நோக்கம். அன்று பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது பத்து ஆண்டு சிறை. ஆஸ்பத்திரி மார்பின் வாங்க வேண்டுமானால் மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி, ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில் வேறு வேறு உரிமம். ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். கணக்கில் ஒரு மாத்திரை குறைந்தால் யார் ஜெயிலுக்குப் போவது என்று பயந்த மருந்துக்கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்பினை வைப்பதையே நிறுத்தின. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டில் மருத்துவத்துக்கான மார்பின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அந்த ஆண்டுகளில் படித்து வெளியே வந்த டாக்டர்களில் பலர் மார்பின் மாத்திரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இதை மாற்றியவர்களில் முதல் பெயர் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால். மயக்கவியல் நிபுணர். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் சுரேஷ்குமாரோடும் நண்பர்களோடும் வலி நிவாரண சங்கம் தொடங்கினார், 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற அமைப்பு. 2007-இல் இந்தப் பிரச்சினை பொதுநல வழக்காக உச்ச நீதிமன்றம் போனது. 2014 பிப்ரவரியில், 15-ஆவது மக்களவையின் கடைசி நாட்களில், தெலங்கானா மாநிலப் பிரிவினை அமளிக்கு நடுவே திருத்தச் சட்டம் நிறைவேறியது. மார்பின், ஃபெண்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் ‘அத்தியாவசிய போதை மருந்துகள்’ என்று 2015-இல் அறிவிக்கப்பட்டன. இப்போது ஆஸ்பத்திரி பல துறைகளின் படியேற வேண்டியதில்லை. வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் இருந்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் கிடைத்தால் போதும். ஆனால் சட்டம் திறந்த கதவு பல ஊர்களில் பழைய பயத்தால் இன்னும் சாத்தியே கிடக்கிறது.

அந்தப் பயத்தைப் புதுச்சேரி போகும் பஸ்ஸில் நேரில் பார்த்தேன். என் பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். கணவருக்கு வாயில் புற்று. மடியில் மஞ்சள் பை, பைக்குள் ஸ்கேன் படம், கூடவே மார்பின் மாத்திரை வைத்த பழுப்புக் கவர். கவர் மேல் ஒரு நர்ஸ் பேனாவால் சூரியனும் நிலாவும் வரைந்திருந்தார். காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, மாலை ஆறு என்று நாலு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை. இரவு பத்துக்கு நேரே நிலா, அதன் கீழே இரண்டு மாத்திரை. நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கொடுக்கவேண்டாம் என்பதற்காகத்தான் அந்த இரண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்காக அவ்வளவு அக்கறையோடு வரைந்த படம் அது.

“ஏன் சார், இது அபினாமே? மருந்துக்கடையில போலீஸ் கேசாயிடும்னு பயமுறுத்தறாங்க. அவரு இதுக்கு அடிமையாயிட்டா நான் இன்னா பண்றது?” என்றார். பயத்தில் இரவு மாத்திரையை ஒன்றாகக் குறைத்திருந்தார். விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் கணவர் முனக ஆரம்பித்துவிடுவாராம்.

“டாக்டர் எழுதின அளவை நேரம் தவறாம குடுங்கக்கா. வலிக்காகச் சாப்பிடறவங்க போதைக்காகச் சாப்பிடறவங்க இல்ல. நீங்களாக் குறைச்சதை இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க” என்றேன். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை நிறுத்தம் வந்து இறங்கிவிட்டார். இன்னும் நிறையச் சொல்லியிருக்கலாம். அவருக்குச் சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் போகவேண்டிய இடம் அரசு ஆஸ்பத்திரி. மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரியோ, நுழைந்ததும் ‘வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவு எங்கே?’ என்று கேளுங்கள். மருத்துவக் கல்லூரிகளில் மயக்கவியல் துறை டாக்டர்கள் வலி சிகிச்சை பார்ப்பது வழக்கம். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவு சிகிச்சை நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள், 104-க்கும் போன் செய்யலாம்.

போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டைகள், சிறுநீரக ரத்தப் பரிசோதனை முடிவு இவற்றை எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்பின் உடலில் தங்கிவிடும், அளவு மாறும் அல்லது மருந்தே மாறும். மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட வலியை விவரியுங்கள். எங்கே, எப்போது, பத்துக்கு எத்தனை, தூங்க முடிகிறதா, சாப்பிட முடிகிறதா என்று. பாராசிட்டமாலில் அடங்குமா, அடுத்த படி வேண்டுமா, மார்பின்தானா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

மார்பின் கொடுத்தால் டாக்டர் சீட்டையும் மாத்திரையையும் சேர்த்தே வையுங்கள். புதுச்சேரி எல்லையில் யாராவது பையைத் திறக்கச் சொன்னால் அந்தச் சீட்டுதான் உங்கள் பக்கம் பேசும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். குமட்டலும் தூக்கமும் சில நாளில் குறையும். எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மெதுவாவது தெரிந்தால் உடனே 108. சாராயமோ தூக்க மாத்திரையோ கூடவே கூடாது. திடீரென்று நிறுத்தவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் இடுப்புவலிக்குக் கேட்டால் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள், அது குற்றம், ஆபத்தும்கூட. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, மிச்சமிருந்தால் ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள். சீட்டில்லாமல் விற்க ஒருவர் முன்வந்தால் அங்கே நிற்காதீர்கள், கைக்கு வருவது எந்த மாத்திரை என்றே தெரியாது.

மார்பின் என்றாலே கடைசி நாள் என்று நினைத்து வேண்டாம் என்கிற குடும்பங்களும் உண்டு. வலி அடங்கினால் மனிதர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், பேரப்பிள்ளையோடு பேசுகிறார். மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் இந்த மருந்தோடு நடமாடுகிறார்கள்.

முதுகுவலிக்காரர்களை இந்த வாரமும் காக்கவைத்துவிட்டேன். அவர்களுக்கு இந்த வகை மருந்து பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. 2018-இல் அமெரிக்காவில் 240 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இவை சாதாரண வலிமாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. அதே 2018 ஏப்ரலில்தான் இங்கே டிரமடால் என்ற வலிமாத்திரையைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். கரும்பு வெட்டுகிறவரின் முதுகு, டிரமடால், ‘போதை மாத்திரையுடன் வாலிபர் கைது’ என்று தினமும் வரும் செய்தி, மூன்றையும் சேர்த்து அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)