சுவரொட்டிப் பசையும் வெண்ரொட்டியின் மென்மையும்

வீட்டில் முதன்முறையாக ரொட்டி சுட முற்படுவோருக்குக் கிடைக்கும் சமையற் குறிப்புகளில் பெரும்பாலானவை, ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் கரைக்கவும் பிசைந்த மாவைக் கதகதப்பான இடத்தில் வைக்கவும் சொல்லியே தொடங்குகின்றன. அடுக்களையின் வெப்பம் 20 டிகிரி செல்சியசை ஒட்டி நிற்கும் குளிர்நாடுகளுக்கு இவ்வறிவுரை பொருந்தும். பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 டிகிரியைச் சுற்றியே இருக்கும், இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டையும் தாண்டிவிடும் திருவனந்தபுரத்தில் அதை அப்படியே பின்பற்றினால், மாவு மிக விரைவாகப் பொங்கி, புளித்து, அடுப்பேறியதும் அமிழ்ந்து, ஆறியபின் உதிர்ந்து போகும் ஒரு கட்டியாக வெளிவருகிறது. பழி வழக்கமாக மைதாவின் மேலும் ஈஸ்டின் மேலும் விழுகிறது; பிழையோ வெப்பக் கணக்கில் இருக்கிறது. அதைத் திருத்தியபின் எஞ்சும் கேள்வியான மென்மைக்கு, இந்நகரத்தில் ஆப்பம் சுடுவோரிடம் நெடுங்காலமாகவே ஒரு விடை இருந்து வருகிறது.

கோதுமை விளையாத கேரளத்தில் பேக்கரித் தொழில் வேரூன்றிய வரலாறு வடக்கே தலச்சேரியில் தொடங்குகிறது. மாம்பள்ளி பாபு என்பவர் 1880இல் அங்கே ராயல் பிஸ்கட் ஃபாக்டரியை நிறுவினார். 1883இல் அஞ்சரக்கண்டித் தோட்ட உரிமையாளர் மர்டாக் பிரௌனுக்காக அவர் ஒரு கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார் என்றும், அதில் பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ப் பழங்களிலிருந்து வடித்த மதுவைச் சேர்த்தார் என்றும் அவரது குடும்ப வரலாறு சொல்கிறது. அந்தக் குடும்பத்தின் கிளைகள் கேரளத்தின் பல நகரங்களில் பேக்கரிகளைத் திறந்தன. திருவனந்தபுரத்து சாந்தா பேக்கரி அவற்றுள் ஒன்று. விறகெரித்துச் சூடேற்றும் செங்கல் அடுப்பை மலையாளத்தில் போர்மா என்கிறார்கள். அதற்கு இலங்கைத் தமிழில் வழங்கும் போறணை என்ற சொல் போர்த்துகீசியரின் ஃபோர்னோவிலிருந்து வந்தது, அங்கே ரொட்டிக்குப் பெயரான பாண் என்பதும் அவர்கள் விட்டுச்சென்றதே. இந்தியாவில் பொறிகளால் பெருமளவில் ரொட்டி செய்யும் முயற்சியை அரசே 1965இல் மாடர்ன் பேக்கரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் வழியாகத் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் தனியாருக்குக் கைமாற்றியது. அதற்குள் மெழுகுதாளில் சுற்றிய வெண்ரொட்டி, காய்ச்சல்காரர்களின் பத்திய உணவு என்ற நிலையிலிருந்து காலைச் சிற்றுண்டி என்ற நிலைக்கு நகர்ந்துவிட்டது.

மைதாவுக்கு மலையாளத்தில் அமெரிக்கன் மாவு என்றொரு பழைய பெயர் உண்டு; 1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் பொதுச்சட்டம் 480இன்கீழ்க் கப்பல் கப்பலாக வந்திறங்கிய கோதுமையை அப்பெயர் நினைவூட்டுகிறது. கோதுமை மணியின் தவிட்டையும் முளையையும் உருளை ஆலையில் நீக்கி, நடுவிலுள்ள மாப்பொருளை மட்டும் நுணுக்கி எடுப்பதே மைதா. அதில் புரதம் பொதுவாக நூற்றுக்கு 9 முதல் 11 பங்கு வரை இருக்கும். மேலைநாட்டுக் குறிப்புகள் கேட்கும் ரொட்டி மாவில் அது 12, 13 பங்கு. இந்த இரண்டு பங்கு வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், புரதம் குறைந்த மாவு குறைந்த நீரையே தாங்கும் என்பதால், அக்குறிப்புகளில் உள்ள நீரளவை மைதாவில் ஊற்றுபவருக்குக் கையில் ஒட்டும் கூழே மிஞ்சுகிறது. மழைக்காலத்தில் திறந்து வைத்த மைதா காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்வதால், நீரில் இரண்டு மூன்று கரண்டியைக் கடைசிவரை நிறுத்திவைத்து, மாவின் பதம் பார்த்துச் சேர்ப்பது இவ்வூருக்கு ஏற்ற முறையாகும்.

நீர் பட்டதும் மைதாவிலுள்ள குளூட்டனின், கிளையாடின் என்னும் இரு புரதங்கள் பின்னிப் பிணைந்து குளூட்டன் என்னும் இழுபடும் வலையாக மாறுகின்றன. முதலாவது வலைக்கு விறைப்பையும் இரண்டாவது நீளும் தன்மையையும் தருகிறது. இத்தாலியின் பொலோனா நகரில் யாகோபோ பெக்காரி என்ற அறிஞர் 1728இல், பிசைந்த மாவை ஓடும் நீரில் கழுவிக் கழுவி மாப்பொருளைக் கரைத்துவிட்டு, கையில் மிஞ்சிய ரப்பர் போன்ற இப்பொருளை முதன்முதலில் பிரித்துக் காட்டினார். மாவு போதுமான அளவு பிசையப்பட்டதா என்று அறிய, ஒரு சிறு உருண்டையை இழுத்து, கிழியாமல் ஒளி ஊடுருவும் ஏடாக அது விரிகிறதா என்று பார்க்கும் சோதனையை ரொட்டி நூல்கள் பெரிதாக விளக்குகின்றன. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதியிலோ நாகர்கோவிலிலோ பரோட்டா மாஸ்டர் ஒருவர் எண்ணெய் பூசிய உருண்டையை வீசி வீசி மேசை அகலத்துக்கு விரிப்பதைப் பார்த்தவர்களுக்கு அவ்விளக்கம் தேவைப்படாது. மாவை ஈரத்துணி மூடி ஊறவிடுவதன் பயனும் அவருக்குத் தெரியும்: பிசையும்போது முறுக்கேறிய வலை அந்த ஓய்வில் தளர்ந்து, அடுத்த இழுப்புக்கு இசைந்து கொடுக்கிறது.

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் பூஞ்சை. சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் சாராயத்தையும் வெளியிடுகிறது. ஆப்பமாவைப் பொங்கவைக்கும் கள்ளிலும் இதே இனத்து ஈஸ்ட் வேலை செய்கிறது. ரொட்டியிலுள்ள குமிழிகளை ஈஸ்டே படைக்கிறது என்று பலரும் நினைப்பதுண்டு. பேக்கர், மைஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1941இல், பிசையும்போது மாவுக்குள் சிக்கிக்கொள்ளும் காற்றே குமிழிகளுக்கு வித்து என்றும், ஈஸ்ட் வெளிவிடும் வாயு ஏற்கெனவே உள்ள அக்குமிழிகளுக்குள் பரவி அவற்றைப் பெருக்க மட்டுமே செய்கிறது என்றும் காட்டினார்கள். இழை நெருக்கமான, பஞ்சு போன்ற ரொட்டி வேண்டுமானால் சிறுசிறு குமிழிகள் ஏராளமாக வேண்டும். அவை பிசைதலில்தான் பிறக்கின்றன என்பதால், கையால் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் பிசைவதற்குக் குறுக்குவழி இல்லை.

மாவின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டத் தாண்ட ஈஸ்டின் வேகம் கூடுகிறது; அதோடு அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் விழித்துக்கொள்கின்றன, மணம் சேர்வதற்கு வேண்டிய நேரமும் கிடைக்காமல் போகிறது. ஆகவே பிசைந்து முடித்த மாவு 26 டிகிரி அளவில் இருக்கவேண்டும் என்பது பேக்கரிக்காரர்களின் கணக்கு. அதற்கு அவர்களிடம் எளிய வாய்பாடு ஒன்று உண்டு. வேண்டிய வெப்பத்தை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அடுக்களையின் வெப்பம், மைதாவின் வெப்பம், பிசையும் உராய்வால் ஏறும் வெப்பம் ஆகிய மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது ஊற்றவேண்டிய நீரின் வெப்பம். திருவனந்தபுரத்துப் பகலில் அடுக்களை 30, மைதா 30, கைப்பிசைவுக்கு 2 என்று வைத்தால், 78இலிருந்து 62 போக, நீர் 16 டிகிரியில் இருக்கவேண்டும் என்று வருகிறது. குறிப்பில் உள்ள வெதுவெதுப்பான நீர் 40 டிகிரி அளவினது. அதைக் கொண்டு பிசைந்தால் மாவு அந்த 26 டிகிரியை வெகுதூரம் தாண்டிவிடும். உலர் ஈஸ்டில் பழைய வகைக்கு மட்டுமே வெதுவெதுப்பான நீரில் ஊறும் தேவை உண்டு. இன்று கடைகளில் கிடைக்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்டை உலர்ந்த மைதாவிலேயே நேராகக் கலந்துவிடலாம்.

மென்மையின் பெரும்பகுதி குளூட்டனைச் சார்ந்ததன்று. அது மாப்பொருளைச் சார்ந்தது. பச்சை மாப்பொருளின் துகள்கள் குளிர்ந்த நீரில் தம் எடையில் பாதி அளவே நீரை உறிஞ்சும். 60 டிகிரியை நெருங்கும்போது அவற்றின் படிக அமைப்பு குலைந்து, துகள்கள் பன்மடங்கு ஊதி, நீரைத் தமக்குள் பூட்டிக்கொண்டு களியாகின்றன. தேர்தல் காலத்தில் திருவனந்தபுரத்துச் சுவர்களில் ஒட்டப்படும் சுவரொட்டிகளுக்கு மைதாவை நீரில் கரைத்துக் காய்ச்சிப் பசை செய்கிறார்களே, அங்கே நிகழ்வது இதுதான். அந்தப் பசையில் ஒரு சிறு பங்கை ரொட்டி மாவில் கலந்தால், பூட்டிய நீர் பிசையும்போது கையில் ஒட்டுவதில்லை, சுடும்போதும் எளிதில் ஆவியாவதில்லை. கிழக்காசியப் பேக்கரிகளின் பால்ரொட்டி பஞ்சாக இருப்பதற்குக் காரணமான இந்த உத்தி டாங்ஜோங் என்ற சீனப் பெயரால் உலகெங்கும் புகழ்பெற்று, இணையவழியே கேரளத்துக்கும் புதுமையாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் பாலப்பத்துக்கும் வெள்ளையப்பத்துக்கும் அரைத்த மாவில் கொஞ்சம் எடுத்தோ, கப்பி எனப்படும் அரிசிக் குருணையைக் கொண்டோ கஞ்சி போலக் காய்ச்சி ஆறவிட்டு மீண்டும் மாவோடு கலக்கும் வழக்கத்துக்குக் கேரளத்து அடுக்களைகளில் கப்பி காய்ச்சுதல் என்ற பெயரே இருக்கிறது. அரிசியில் குளூட்டன் இல்லாத குறையை அந்தக் காய்ச்சிய கஞ்சி ஈடு செய்து, வாயுவைப் பிடித்து வைக்கும் பிசுபிசுப்பைத் தருகிறது. ஆப்பத்தின் நடுப்பகுதி மெத்தென்று இருப்பது அதனால்தான்.

400 கிராம் மைதா கொள்ளும் ஒரு ரொட்டிக்கு, அதில் 25 கிராமை 125 மில்லிலிட்டர் நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறுதீயில் கிளறி, கரண்டி இழுத்த தடம் மறையாமல் நிற்கும் பதத்தில் இறக்கவேண்டும். வெப்பமானி உள்ளவர்களுக்கு அது 65 டிகிரி. மீதி 375 கிராம் மைதாவில் 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 25 கிராம் சர்க்கரை, 8 கிராம் உப்பு ஆகியவற்றைக் கலந்து, முழுவதும் ஆறிய பசையையும், காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைத்த பால் 140 மில்லிலிட்டரையும் பதம் பார்த்துச் சேர்த்துப் பிசையலாம். அறை வெப்பத்துப் பசையும் குளிர்ந்த பாலும் சேரும்போது கலவை 18 டிகிரி அளவுக்கு வந்துவிடுவதால், மேற்சொன்ன வாய்பாடு பனிக்கட்டியின் உதவியின்றியே ஏறத்தாழ நிறைவேறுகிறது. பாலைக் காய்ச்சுவதிலும் ஒரு நன்மை உண்டு: காய்ச்சாத பாலின் தெளிநீரிலுள்ள சில புரதங்கள் மாவின் வலையைத் தளர்த்தும் என்பதால் பழைய ரொட்டி நூல்கள் பாலைச் சுடவைத்து ஆற்றச் சொல்கின்றன, பாக்கெட் பாலையும் பொங்கவிட்டே பழகிய வீடுகளில் அதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. 30 கிராம் வெண்ணெயை மட்டும், மாவு ஓரளவு இழுபடத் தொடங்கிய பிறகே சேர்க்கவேண்டும். முன்னரே சேர்த்தால் கொழுப்பு புரதங்களைப் போர்த்தி அவை பிணைவதைத் தாமதப்படுத்தும்.

பொங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் என்று குறிப்பு சொன்னாலும், 30 டிகிரியில் முக்கால் மணிக்குள்ளேயே மாவு இரட்டிப்பாகிவிடக்கூடும் என்பதால், கடிகாரத்தைவிட விரலை நம்புவதே பாதுகாப்பானது: மாவில் அழுத்திய குழி மெதுவாகவும் பாதியளவும் மீண்டால் பதம் சரி, உடனே மீண்டால் இன்னும் நேரம் வேண்டும், மீளாமலேயே நின்றால் நேரம் கடந்துவிட்டது. பொங்கிய மாவின் காற்றை இறக்கி, இறுகச் சுருட்டி, வெண்ணெய் தடவிய அச்சில் மீண்டும் பொங்கவிட்டு, 180 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுடலாம். உள்ளே 55 டிகிரியைத் தாண்டும்வரை ஈஸ்ட் கடைசி மூச்சாக வாயுவை விட, குமிழிகள் விரிந்து ரொட்டி சட்டென்று எழும்பும். பிறகு ஈஸ்ட் மடிந்து, குளூட்டன் இறுகி, மாப்பொருள் களியாகி உருவம் நிலைக்கும். நடுப்பகுதி 95 டிகிரியை எட்டினால் வெந்துவிட்டது. சூட்டோடு அறுத்தால், இன்னும் இறுகாத களி கத்தியில் ஒட்டிப் பிசையப்பட்டுவிடும் என்பதால், ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். வீட்டில் எவரும் இதை மதிப்பதில்லை.

கடை ரொட்டி மூன்றாம் நாளும் மெத்தென்று இருப்பதற்கு, மாப்பொருளோடு பிணைந்து அது இறுகுவதைத் தடுக்கும் கொழுப்புச் சேர்மங்களும் நொதிகளும் காரணம். மாவை வலுப்படுத்த ஒருகாலத்தில் பரவலாகச் சேர்க்கப்பட்ட பொட்டாசியம் புரோமேட், புற்றுநோய் ஐயத்தால் 2016இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தால் தடை செய்யப்பட்டது. வீட்டு ரொட்டியில் இவை எதுவும் இல்லாததால் அது மறுநாளே விறைக்கத் தொடங்குகிறது. இது வெறும் உலர்தல் அன்று என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் புசேங்கோ 1852இலேயே நிறுவினார்: ஈரம் வெளியேறாதபடி காற்றுப்புகாமல் மூடி வைத்த ரொட்டியும் விறைத்தது. களியாகக் கலைந்திருந்த மாப்பொருள் மூலக்கூறுகள், ஆறிய பின் மெல்ல மெல்ல மீண்டும் அணிவகுத்துப் படிகமாவதே இதன் காரணம் என்று பின்னர் தெளிவாயிற்று. பழைய சோறு விறைப்பதும் இவ்வாறே. இந்த மீள்படிகமாதல் குளிர்பெட்டியின் 4 டிகிரி வெப்பத்தில்தான் மிக விரைவாக நிகழ்கிறது.

ஆகவே ரொட்டியை வெளியில் வைக்கவேண்டும் என்பது குளிர்நாட்டு முடிவு. திருவனந்தபுரத்தில் வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பூக்கும். அதற்கும் முன்னரே, பழுத்தளிந்த அன்னாசியின் வாடையோடு உட்பகுதி பிசுபிசுத்து நூல் நூலாக இழுபடும் கேடும் நேரலாம். மைதாவோடு வந்து, 100 டிகிரியை எட்டாத ரொட்டியின் நடுவில் பிழைத்துக்கொள்ளும் பாசில்லஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் ஈரவெக்கையில் முளைப்பதால் வருவது இது. அப்படிப்பட்ட ரொட்டியைக் குப்பையில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. புளிப்பு அந்த வித்துகளுக்கு ஆகாது என்பதால், பிசையும்போது ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்ப்பது, அதுவும் கேரளத்துக் கடைகளில் சுர்க்கா என்று கிடைக்கும் தென்னங்கள் வினிகராக இருந்தால் மணம் கெடாமல், ஓரளவு காப்புத் தரும். ஒருநாளில் தீராத ரொட்டியைத் துண்டுகளாக அறுத்து உறைபெட்டியில் வைத்துவிட்டால், படிகமாதலும் பூஞ்சையும் ஒருங்கே நின்றுவிடும்.

புசேங்கோவின் சோதனையில் இன்னொரு பாதியும் இருந்தது: விறைத்த ரொட்டியை அவர் மீண்டும் சூடாக்கியபோது அது இளகியது. அணிவகுத்த மூலக்கூறுகள் 60 டிகிரியளவில் மறுபடி கலைந்துவிடுவதால், நேற்றைய ரொட்டித் துண்டை இட்லிப் பானையின் ஆவியில் ஒன்றிரண்டு நிமிடம் காட்டினாலே போதும். ஆறுவதற்குள் உண்ணவேண்டும், இரண்டாம் முறை அது இன்னும் விரைவாக விறைக்கும்.