அடிவாரத்தில் நின்றுவிட்டவர்

செஞ்சி ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. கல்யாணமான புதிதில் மனைவியை உச்சி வரை அழைத்துப் போனவர், 60 வயதில் அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறார். “முழங்கால் வலி” என்று சாக்குச் சொல்கிறார். நிஜக் காரணம் வேறு. அரைமணிக்கொரு தரம் ஒதுங்க வேண்டியிருக்கிறதே, மலைமேல் எங்கே போவார்? இரவிலும் நாலைந்து முறை எழுந்திருக்கிறார். கூடவே அந்த அம்மாளின் தூக்கமும் போகிறது.

இந்தத் தொல்லை ஊருக்கு ஊர் உண்டு. மூத்திரப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருப்பது புராஸ்டேட் சுரப்பி. 60 வயதில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது பருத்துவிடுகிறது. குழாயை நெருக்கவும் செய்யலாம். இது புற்றுநோய் அல்ல, வைத்தியமும் இருக்கிறது.

ஆனால், வைத்தியம் தொடங்கிய பிறகு சில வீடுகளில் இன்னொரு சங்கடம் முளைக்கிறது. ஐயா படுக்கையைத் திண்ணைக்கு மாற்றிக்கொள்கிறார். “என்மேல் பிரியம் போய்விட்டதோ?” என்று அம்மாள் மனத்துக்குள் மருகுகிறாள். இருவரும் வாய் திறப்பதில்லை.

விஷயம் இதுதான். ஏரிக்கு மதகு இருப்பதுபோல மூத்திரப்பையின் வாயிலும் ஒரு மதகு உண்டு. தாம்பத்திய உறவின்போது அது மூடிக்கொள்ளும். டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் அங்குள்ள தசைகளைத் தளர்த்திச் சிறுநீருக்கு வழிவிடுகின்றன. அதனால் விந்து குறையலாம், வராமலும் போகலாம். ஆபத்தில்லை. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு இரண்டும் சுரப்பியையே மாதக் கணக்கில் மெல்லச் சுருக்குபவை. சிலருக்கு இவற்றால் ஆசையும் விறைப்பும் குறைகின்றன. இன்னொரு எச்சரிக்கை: பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் உடைந்த பினாஸ்டெரைடு மாத்திரையையோ, ஒழுகும் டூட்டாஸ்டெரைடு குளிகையையோ தொடக் கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதற்குக் கெடுதல்.

குழாய் வழியே கருவி செலுத்திச் சுரப்பியைச் சுரண்டியெடுக்கும் ஆபரேஷனுக்குப் பின், 10 பேரில் 6, 7 பேருக்கு விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் திரும்பிவிடும். இது பெரும்பாலும் நிரந்தரம். ஆனால் விறைப்பு அநேகமாகக் கெடுவதில்லை. இன்ப உணர்ச்சியும் பெரும்பாலோருக்கு இருக்கவே செய்கிறது. நீராவியால் சுருக்கும் புதுமுறையில் இந்தக் குறை அபூர்வம். ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தாது. எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கிடைப்பதுமில்லை.

டடாலாபில் என்ற மாத்திரை சிறுநீருக்கும் விறைப்புக்கும் சேர்த்தே உதவும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர் மட்டும் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும்.

வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்கள் உண்டு. அது தவறு. திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டு, நடுநிசியில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்படி ஆகலாம்.

ஆகவே சகோதரிகளே, டாக்டரிடம் நீங்களும் உடன் செல்லுங்கள். “இந்த வைத்தியத்தால் எங்கள் தாம்பத்தியத்துக்கு என்ன மாறுதல் வரும்? வேறு வழி உண்டா?” என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். அவர் கேட்கக் கூசினால் நீங்கள் கேளுங்கள். விவரம் தெரிந்துவிட்டால், திண்ணைக்குப் போன படுக்கை தானே உள்ளே திரும்பிவிடும்!