பாட்டி மோதிரத்துக் கெம்பு

கல்யாணம் பேசி முடித்ததும் பல வீடுகளில் பீரோவுக்குள்ளிருந்து ஒரு பழைய மோதிரம் வெளியே வரும். “பர்மாக் கெம்பு, பத்திரம்!” என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். பர்மாவோ இல்லையோ, பூமியில் விளைந்ததா உலையில் விளைந்ததா என்பதைக் கல்லே காட்டிக்கொடுத்துவிடும். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் பெரும்பாலும் போதும்.

கெம்பு என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. அலுமினிய அணுக்களில் நூற்றுக்கு ஒன்று போலக் குரோமியம் இடம்பிடித்தால் சிவந்துவிடும். பர்மாவின் மோகோக்கில் சலவைக்கல் பாறைக்குள் இது விளைந்தது. அதே கல்லைச் சில மணி நேரத்தில் விளைவிக்கும் வழியை 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆகஸ்ட் வெர்னுய் அறிவித்தார். குரோமியம் கலந்த அலுமினிய ஆக்சைடுப் பொடியை ஹைட்ரஜன்-ஆக்சிஜன் சுடர் வழியே தூவுவார்கள். 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது உருகி, கீழே துளித்துளியாக விழுந்து படிகமாக வளரும்.

வளரும் உச்சி எப்போதும் வளைந்தே இருப்பதால் ஒவ்வொரு படலமும் வளைகோடாகப் பதிகிறது. லென்ஸில் பார்த்தால் இசைத்தட்டின் வரிகள் மாதிரி தெரியும். நடுநடுவே பொடிக் காற்றுக்குமிழிகள் இருக்கும். பூமியில் விளைந்த கல்லிலோ கோடுகள் நேராக ஓடிக் கோணத்தில் திரும்பும். மயிரிழை ஊசிகளும் மினுங்கலாம்.

வளைகோடு தெரிகிறதே என்று முகம் சுருங்க வேண்டாம். அணுக்கணக்கில் அதுவும் கெம்புதான். 1960-இல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய முதல் லேசர், செயற்கைக் கெம்புத் தண்டில்தான் பிறந்தது. திருச்சிப் பக்கம் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது. (பர்மா பக்கமே போகாத தாத்தாக்களின் ‘பர்மாக் கெம்பு’ எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.)

தினமும் விரலில் கிடக்கும் மோதிரத்துக்குப் பூர்வீகத்தைவிட உறுதிதான் முக்கியம் என்பேன். மோஸ் கடினத்தன்மை அளவில் கெம்பு 9. தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. கண்ணாடி அதற்கும் கீழே. அதனால் கண்ணாடிக் கல்லின் விளிம்புகள் புழக்கத்தில் மழுங்கிவிடும். இரண்டு தலைமுறை புழங்கியும் பட்டை விளிம்புகள் கூராக இருந்தால் அது நல்ல அறிகுறி.

பழைய மோதிரங்கள் பலவற்றில் கல்லுக்கு அடியில் பளபளப்புக்காகத் தகடு வைத்து, பின்பக்கத்தை மூடியிருப்பார்கள். தண்ணீர் புகுந்தால் தகடு கறுத்து, கல்லே மங்கியதுபோல் ஆகிவிடும். மாப்பிள்ளை விரலுக்கு அளவு கூட்டக் கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிய பிறகே நெருப்பில் காட்டும்படி ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்.