குதிரை கட்ட இடம் பார்க்கிறீர்களா? முதலில் மூக்கை நீட்டுங்கள்!

சவுகார்பேட்டையில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வெள்ளைக் குதிரையில் வருவார். பேண்டு முழங்கும். பட்டாசு வெடிக்கும். சரிகைத் துணி போர்த்திய குதிரைக்கு முன்னால் சொந்தபந்தம் எல்லாம் ஆட்டம் போடும். ஊர்வலம் முடிந்ததும் மாப்பிள்ளை இறங்கி மண்டபத்துக்குள் போய்விடுவார்.

குதிரை எங்கே போகும்?

அதை யாரும் கேட்பதில்லை. அது ராத்திரி எங்கே நிற்கிறது, என்ன தின்கிறது, காலையில் நாலு காலில் எழுந்து நிற்குமா என்பது அந்தக் குதிரைக்காரருக்கு மட்டும்தான் கவலை. அந்த ஒரு குதிரைதான் அவர் குடும்பத்துக்குச் சோறு. அதனால் இன்று நாம் அதைத்தான் கேட்கப்போகிறோம்.

ஜட்கா போச்சு, குதிரை போகல!

வடசென்னைக்குக் குதிரை புதுசு இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் ராயபுரத்தில் இருந்துதான் புறப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ரயில் ஸ்டேஷன் வாசல்களில் ஜட்கா வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஜட்கா என்றால் இந்தியில் உலுக்கல் என்று அர்த்தம். ஏறி உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பேர் ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது!

கப்பலிலும் குதிரை வந்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் இருந்து பட்டாளத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் சென்னைக்குக் குதிரைகள் இறக்குமதி ஆயின. அந்த ஊர்ப் பெயரை வைத்தே அவற்றுக்கு "வேலர்" என்று பெயர்.

பிறகு சைக்கிள் ரிக்‌ஷா வந்தது, ஆட்டோ வந்தது, ஜட்கா ஸ்டாண்டுகள் காலியாயின. ஆனால் குதிரை அடியோடு போய்விடவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு ஒன்று, கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்ற ஒன்று, சாரட்டு வண்டிக்கு ஒரு ஜோடி என்று இன்னும் பிழைப்பு நடக்கிறது.

சொந்த இடம் உள்ளவருக்குக் கவலை இல்லை. இல்லாதவர் என்ன செய்வார்? யாராவது ஒருத்தர் கொட்டகையில் மாத வாடகை பேசிக் குதிரையைக் கட்டுவார். தீனி சேர்த்து ஒரு ரேட், தீனி இல்லாமல் ஒரு ரேட். ஈ.சி.ஆர். பக்கம் சவாரிப் பள்ளிகளில் பணக்காரர்கள் குதிரையை விட்டுவைக்கிறார்களே, அதே ஏற்பாடுதான். அங்கே பெயர்ப்பலகை இருக்கும். இங்கே கோணி தொங்கும். ஆனால் குதிரையின் வயிறும் நுரையீரலும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்!

மூக்கு சொல்லும் உண்மை

எண்ணூர்க்காரர்களுக்கு அமோனியா என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே, கப்பலில் இருந்து உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல். குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அதே வாயுதான், கொஞ்சம் கொஞ்சமாக, கழுவாத லாயத்திலும் கிளம்புகிறது. குதிரை மூத்திரம் தரையில் தேங்கி ஊறினால் அமோனியா வரும். ஊர் ஓடலாம். கட்டிப்போட்ட குதிரை எங்கே ஓடும்? ராத்திரி பூரா அதையே சுவாசிக்கும். நாளாக நாளாக இருமல், மூச்சு வாங்கல். அப்புறம் ஊர்வலத்தில் ஒரு தெரு தாண்டுவதற்குள் குதிரை தள்ளாடும்.

ஆகவே இடம் பார்க்கப் போகிறவர் காலை விடியுமுன் போக வேண்டும். கழுவி விட்ட பிறகு சாயங்காலம் போனால் எல்லா லாயமும் நல்ல லாயம்தான்! விடிகாலையில் உள்ளே நுழைந்து, குனிந்து, தரையோரம் மூக்கை வையுங்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

மூன்று பக்கம் தகரம் அடித்து அடைத்த கொட்டகை பாதுகாப்பு என்று நினைப்பது தப்பு. மேல்பக்கம் காற்று வந்து போக வழி வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே மனுஷனே நிற்க முடியாது. கீற்றுக் கூரை குளுமை. ஆனால் பக்கத்தில் பீடி, தொங்கும் மின்சார ஒயர் இரண்டும் கூடாது. வைக்கோல் போர் கூரையை ஒட்டியே இருந்தால் அது லாயம் இல்லை, தீப்பெட்டி!

தண்ணீர் உப்பா?

ஒரு குதிரை சாதாரணமாக ஒரு நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயிலில் வேலை செய்தால் இன்னும் கூடும்.

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடித் தண்ணீரைக் கண்டபடி உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது ஊரறிந்த கதை. அங்கேயே 2010ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஆனால் லாயத்துத் தொட்டிக்கு வருவது பெரும்பாலும் போர் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும். குதிரைக்கு நாக்கு இல்லையா? பிடிக்காத தண்ணீரை அது குறைவாகக் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தின்ற வைக்கோல் குடலில் இறுகும். அங்கே ஆரம்பிக்கிறது வயிற்று வலி.

குதிரைக்கு வயிற்று வலி என்றால் லேசாக நினைக்காதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் போக வேண்டும். அடைத்துக்கொண்டால் காலால் தரையைச் சுரண்டும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், வியர்க்கும், உருளும். கவனிக்காமல் விட்டால் ஒரே ராத்திரியில் உயிர் போகும். சாயங்காலம் வரை ஊர்வலத்தில் நின்ற குதிரை காலையில் இல்லை என்றால், அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது கடன்தான்.

"அண்ணே, தொட்டித் தண்ணி எங்கேர்ந்து வருது? லாரித் தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேளுங்கள். ஒரு கை அள்ளி நீங்களே குடித்துப் பாருங்கள். உங்களால் குடிக்க முடியாததைக் குதிரை தலையில் கட்டாதீர்கள்.

கொள்ளு மட்டும் போதாது

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளு குதிரைக்கு நல்லதுதான், ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுத்தால். ஆனால் குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு ரொம்பச் சின்னது. 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அது நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயப் பிறந்த ஜீவன். காலையில் ஒரு தடவை கொள்ளுப் பையை மாட்டிவிட்டு, ராத்திரி இன்னொரு தடவை மாட்டுவது வயிற்று வலிக்கு வெற்றிலை பாக்கு வைப்பது மாதிரி!

நல்ல லாயத்தில் எந்நேரமும் முன்னால் புல் கிடக்கும். வைக்கோலில் பூஞ்சை நாற்றம் இருக்காது. கையில் எடுத்து உதறினால் புகை மாதிரித் தூசி பறந்தால் அந்தத் தூசி குதிரையின் நெஞ்சுக்குள் போகிறது என்று அர்த்தம். லாரி புழுதியும் ஆலைத் தூசியும் வந்து இறங்கும் நம்ம பேட்டையில், தீனியைத் தண்ணீர் தெளித்துப் போடுகிற ஆள் கெட்டிக்காரர்.

கடலோரத்தில் இன்னொரு வம்பு உண்டு. மணலில் தீனியைக் கொட்டினால் குதிரை புல்லோடு மணலையும் தின்னும். மணல் குடலில் தங்கினால் அதுவும் எமன்தான். தொட்டியில் போட வேண்டும்.

காலில் ஆணி, உயிருக்கு ஹானி

திருவொற்றியூர் ஹைரோடு, எண்ணூர் ரோடு இரண்டிலும் கண்டெய்னர் லாரி, பழைய இரும்பு, பட்டறை. தரையில் ஆணியும் தகரத் துண்டும் கிடப்பது சகஜம். ரணஜன்னி என்னும் வில்வாதம் மிருகங்களிலேயே குதிரையைத்தான் மிகச் சுலபமாகப் பிடிக்கும். குளம்பில் ஒரு துரு ஆணி போதும். தடுப்பூசி இருக்கிறது. போட்டிருக்கிறதா என்று கேட்டு, சீட்டைக் கண்ணால் பாருங்கள்.

லாடம் 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, திரும்ப அடிக்க வேண்டும். லாடக்காரர் யார், எப்போது வருவார் என்று சொல்லத் தெரியாத லாயத்தில் குதிரையைக் கட்டுவது வீண் வேலை.

இடம் எவ்வளவு? பெரிய குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி, மட்டக்குதிரைக்கு 10க்கு 10 என்பது பொதுவான கணக்கு. குதிரை நின்றுகொண்டே தூங்கும், இடம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நின்றபடி தூங்குவது அரைத் தூக்கம். முழுத் தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். படுக்க இடமில்லாமல் குட்டைக் கயிற்றில் கட்டிய குதிரை பல நாள் தூங்காத டிரைவர் மாதிரி. நடு ரோட்டில் முழங்கால் மடியும்.

மார்க்கோ போலோ பார்த்த கூத்து

சுமார் 730 வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்காரர் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தார். அரபு நாடுகளில் இருந்து பாண்டிய மன்னர்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், வருஷக் கடைசியில் அதில் நூறு கூட மிஞ்சாமல் செத்துப் போவதையும் எழுதி வைத்திருக்கிறார். காரணம் என்ன? குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை. சோறும் கறியும் சமைத்துப் போட்டார்களாம்! லாடக்காரர், வைத்தியர் யாரும் இந்த ஊருக்கு வராதபடி குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

ராஜா கஜானாவே அதில் கரைந்தது. ஒற்றைக் குதிரைக்காரர் எம்மாத்திரம்?

உங்களுக்கும் எனக்கும் என்ன?

"எனக்குக் குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை. எனக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? இருக்கிறது.

கிளாண்டர்ஸ் என்று ஒரு தொற்று நோய். மூக்கில் கெட்டியாகச் சளி ஒழுகும், தோலில் கட்டி கிளம்பி உடையும். நோய்க்குதிரை வாய் வைத்த தொட்டியில் நல்ல குதிரை குடித்தால் ஒட்டிக்கொள்ளும். மனுஷனுக்கும் வரும், உயிரையும் வாங்கும். நோய் உறுதியானால் சட்டப்படி அந்தக் குதிரையைக் கொன்றாக வேண்டும். எல்லாக் குதிரைக்கும் ஒரே தொட்டி, புதிதாக வந்த குதிரையைத் தனியாகக் கட்டுவதில்லை என்றால் ஆபத்து லாயத்தோடு நிற்காது. கல்யாணத்தில் உங்கள் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்துப் போட்டோ எடுப்பது அந்தக் குதிரையில்தான்.

ராத்திரி கயிறு அறுத்துக்கொண்டு ரோட்டுக்கு வரும் குதிரையும் உங்கள் ஸ்கூட்டருக்கு முன்னால்தான் வரும்.

எனவே எல்லாக் கேள்விக்கும் மேலான கேள்வி இது: "ராத்திரி இங்க யாரு படுக்கறது?" 2015 வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நாம். தண்ணீர் ஏறும்போது கட்டியிருக்கும் குதிரை தானாக முடிச்சை அவிழ்க்காது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும்போது போன் போடாது. கூப்பிடு தூரத்தில் ஒரு ஆள், அவர் கையில் வைத்தியர் நம்பர், உங்கள் நம்பர் இருக்க வேண்டும். வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ராயபுரத்துக்கு ரொம்ப தூரம் இல்லை. ஆனால் நேரத்தோடு கொண்டுபோக ஆள் வேண்டுமே!

சட்டம் தூங்குகிறதா?

சட்டம் இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960ல் வந்தது. போதிய தீனி, தண்ணீர், தங்க இடம் கொடுக்காத உரிமையாளர் குற்றவாளி. முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! இன்றைக்கு ஒரு கட்டுப் புல்லுக்குக் கூட அந்தக் காசு காணுமா என்பது சந்தேகம்.

1965 விதிகளின்படி வண்டி இழுக்கும் மிருகத்தை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஓய்வு இல்லாமல் 5 மணி நேரம் தாண்டக் கூடாது. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் பகல் 12 முதல் 3 வரை வெளியே எடுக்கவே கூடாது. குதிரை வண்டியில் ஓட்டுகிறவரும் சிறு குழந்தைகளும் போக 4 பேருக்கு மேல் ஏறக் கூடாது.

மும்பையில் விக்டோரியா குதிரை வண்டிச் சவாரியை 2015ல் ஐகோர்ட்டு சட்ட விரோதம் என்றது. லைசென்சு இல்லாத லாயங்களும் அந்த வழக்கில் சிக்கின. லாயம் சரியில்லை என்றால் தொழிலே போகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

மாட்டுக்காரர்கள் நாள் கட்டணம் கட்டி மாட்டைக் கட்டிக்கொள்ளத் தொழுவம் அமைக்கும் திட்டத்தை நம்ம மாநகராட்சி கையில் எடுத்திருக்கிறது. அதன் ஓரத்தில் நல்ல தரை, நல்ல தண்ணீர், ஒரு காவல் ஆளோடு பத்துக் குதிரைக்கு இடம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

அதுவரை குதிரைக்காரர்களே, வாடகை கொடுப்பது நீங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். தீனி யார் செலவு, லாடம் யார் செலவு, வைத்தியரை யார் கூப்பிடுவது என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஏற்கெனவே அங்கே கட்டியிருக்கும் குதிரைகளை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். காதை நிமிர்த்தி உங்களைத் திரும்பிப் பார்த்தால் நல்லது. விலா எலும்பு தெரிய, சுவரைப் பார்த்தபடி தலையைத் தொங்கப் போட்டிருந்தால் திரும்பி நடங்கள்.

லாயக்காரர் ஆயிரம் சொல்லலாம். குதிரைக்குப் பொய் சொல்லத் தெரியாது!