மை எங்கே நிற்கிறது?

விருதுநகரை அடுத்த சூலக்கரையில் பேருந்துக்காகக் காத்து நிற்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். வெயில் கொளுத்துகிறது. நிழலுக்காக ஒரு பெட்டிக்கடையின் ஓரத்தில் ஒதுங்குகிறீர்கள். பேருந்து வரும் வரை கடையைச் சற்று நோட்டம் விடுங்கள். சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகள். பலகையின் மேல் தீப்பெட்டிகள். சுவரில் தினசரி காலண்டர். மூலையில், சரக்கு வந்து இறங்கிய பழுப்பு நிற அட்டைப்பெட்டி. பக்கத்தில் நிற்கும் இளைஞரின் பனியனில் ஏதோ ஒரு கபடிக் குழுவின் பெயர். அவர் கடைக்காரரிடம் நீட்டும் நூறு ரூபாய் நோட்டு.

இவை அத்தனையும் அச்சிடப்பட்டவை. ஆனால் எல்லாம் ஒரே விதமாக அச்சிடப்பட்டவை அல்ல. அட்டைப்பெட்டியை அச்சிடும் எந்திரத்தில் காலண்டர் படத்தை அச்சிட்டால் சாமியின் முகம் பார்க்கச் சகிக்காது. காலண்டர் அச்சிடும் எந்திரத்தில் அட்டைப்பெட்டியைக் கொடுத்தால் பெட்டி நசுங்கிப் போகும். ஏன் இப்படி?

அச்சுக் கலையின் பிரச்சினையே ஒன்றுதான். அச்சுப் பரப்பில் வேண்டிய இடத்தில் மை நிற்க வேண்டும். வேண்டாத இடத்தில் நிற்கக் கூடாது. இதற்கு மனிதர்கள் இதுவரை கண்ட முக்கியமான வழிகள் நான்கு. மேட்டில் மை நிற்கலாம். பள்ளத்தில் நிற்கலாம். துளை வழியே இறங்கலாம். மேடும் இல்லாமல், பள்ளமும் இல்லாமல், சமதளத்திலேயே நிற்கலாம். முதல் மூன்றையும் யாரும் எளிதில் புரிந்து கொள்வார்கள். நான்காவதுதான் விந்தையானது. அதை நம்பித்தான் சூலக்கரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் சிவகாசியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன.

முதலில் மேடு. தபால் அலுவலகத்தில் 'டப் டப்' என்று குத்தும் முத்திரையை நினைத்துக் கொள்ளுங்கள். எழுத்து உயர்ந்து நிற்கிறது. மை அதன் தலையில் மட்டும் படுகிறது. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகம் அச்சானது இந்த முறையில்தான். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட இத்தகைய அச்சகங்கள் இருந்தன. அச்சுக் கோப்பவர், அறை அறையாகத் தடுத்த பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்குவார். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக இருக்கும். அவர் அவற்றை அப்படியே சரளமாகப் படிப்பார். கணிப்பொறி வந்ததும் அந்த வேலை போயிற்று. ஆனால் எந்திரங்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் போடவும், கிழிப்பதற்கு ஓட்டை வரிசை குத்தவும், பட்டாசுப் பெட்டிக்கான அட்டையை வடிவமாக வெட்டவும் அந்தக் கிழட்டு எந்திரங்கள் பல அச்சகங்களில் இன்றும் உழைக்கின்றன. ரசீதைத் திருப்பி, எண்ணின் பின்பக்கத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். லேசாகப் புடைத்திருந்தால், அது மேட்டு அச்சு.

மூலையில் கிடக்கும் அட்டைப்பெட்டியும் இதே குடும்பம்தான். ஆனால் உலோக எழுத்தை வைத்து அழுத்தினால் உள்ளே வளைவு வளைவாக இருக்கும் தாள் நசுங்கி, பெட்டியின் பலம் போய்விடும். ஆகவே ரப்பர் போன்ற மெத்தென்ற தகட்டில் எழுத்தை உயர்த்தி, பட்டும் படாமலும் ஒற்றி எடுக்கிறார்கள். இதற்கு பிளெக்ஸோ என்று பெயர். தெருமுனையில் கட்டும் பிளெக்ஸ் பேனருக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அது கணிப்பொறி சொல்கிறபடி மையைத் துளித் துளியாகத் தெளிக்கும் வேறு வித்தை. பெயர் ஒற்றுமையால் பலரும் குழம்புகிறார்கள்.

அடுத்து பள்ளம். செம்புப் பூச்சுள்ள உருளையில் வைர முனையால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகளைப் பறிக்கிறார்கள். உருளை மையில் முழுகி எழுகிறது. மெல்லிய எஃகுத் தகடு ஒன்று அதன் மேற்பரப்பை வழித்து விடுகிறது. இட்லி மாவை ஊற்றிவிட்டுத் தட்டின் மேல் சிந்தியதை வழிப்பது போலத்தான்; குழியில் உள்ளது மட்டும் மிஞ்சும். குழி ஆழமானால் நிறம் அழுத்தமாக விழும். ஆழம் குறைந்தால் வெளிறி விழும். இதுதான் கிராவூர். ஷாம்பு பாக்கெட்டின் பிளாஸ்டிக் தாள் மையை உறிஞ்சாது. அதனால் உடனே ஆவியாகி உலரக் கூடிய நீர்த்த மை வேண்டும். அந்த மை குழிகளில் ஒழுங்காக நிற்கும். ஆனால் உருளை செய்ய ஆகும் செலவு அதிகம். ஆயிரம் பாக்கெட்டுக்குக் கட்டாது. லட்சக்கணக்கில் அடித்தால்தான் கட்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: எழுத்தின் ஓரம் நேர்கோடாக இல்லாமல் ரம்பப் பல் போலத் தெரியும். அவை குழிகளின் தடயங்கள்.

துளை வழியே மை இறக்குவது ஸ்கிரீன் அச்சு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத் துணி. வேண்டாத இடத்துக் கண்கள் அடைக்கப்பட்டிருக்கும். ரப்பர் பட்டையால் மையை இழுத்துவிட்டால் திறந்த கண்கள் வழியே கீழே இறங்கும். பனியன், கண்ணாடிப் புட்டி, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் சரி. மை தடிப்பாக விழும். தடவினால் விரலுக்குத் தெரியும். ஒரு சிறு அறையும் நான்கைந்து சட்டங்களும் இருந்தால் போதும், தொழிலைத் தொடங்கி விடலாம்.

இனி அந்த விந்தைக்கு வருவோம்.

ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் அலாய்ஸ் செனபெல்டர் என்று ஒரு நாடக ஆசிரியர் இருந்தார். தன் நாடகங்களை அச்சிட அவரிடம் பணம் இல்லை. மலிவான வழி ஒன்றைத் தேடி, அங்கே கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக் கற்களில் எழுதிச் சோதனை செய்து கொண்டிருந்தார். 1796இல் தொடங்கிய முயற்சி 1798 வாக்கில் பலித்தது. கல்லில் கொழுப்பு கலந்த மையால் எழுதினார். பிறகு பிசினும் சிறிது அமிலமும் கலந்த நீரைப் பூசினார். கொழுப்பு அமிலம் கல்லிலுள்ள சுண்ணாம்புடன் சேர்ந்து, நீரில் கரையாத ஒரு வகைச் சோப்பாகப் படிந்து விடுகிறது. உப்புத் தண்ணீரில் துணி துவைத்தால் வாளியின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டிக் கொள்கிறதே, அது போன்ற பொருள்தான். அது எண்ணெயை ஏற்கும், தண்ணீரைத் தள்ளும். மற்ற இடத்தில் பிசின் படிந்திருப்பதால் தண்ணீர் நிற்கும். இப்போது கல்லை ஈரமாக்கி, எண்ணெய் மை தோய்ந்த உருளையை உருட்டினால் எழுதிய இடத்தில் மட்டும் மை ஒட்டும். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராது என்ற, நம் வீட்டுச் சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை, இங்கே ஒரு தொழில் ஆகிவிட்டது.

அது சிவகாசிக்கு எப்படி வந்தது? கரிசல் பூமி, மழையை நம்பிய விவசாயம், அடிக்கடி பஞ்சம். 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து ஊரில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பின்னர் பட்டாசும் வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், வெடிக் கட்டுக்கு லேபிள் வேண்டும். வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாத காலம் அது. படத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். எனவே படம் பளிச்சென்று, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வண்ணப் படத்துக்குக் கல் அச்சு ஏற்றது. இப்படி ஒரு தொழிலின் தேவைக்காக வந்த அச்சு, பின்னர் காலண்டர், டைரி, புத்தகம் என்று தனித் தொழிலாகவே வளர்ந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு (1898-1976) வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் காலண்டர்களாகி வீடு வீடாகச் சென்றன. பல வீடுகளில் பூஜை அறையில் இருப்பது இத்தகைய காலண்டர் படம்தான்.

கல் அச்சுக் காலத்தில் ஒரு வண்ணப் படத்துக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். எந்த இடத்தில் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு சிவப்பு என்று ஓவியர் கண்ணாலேயே பிரித்து, புள்ளி புள்ளியாக, அதுவும் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்கள் எந்தக் காலண்டரிலும் இல்லை. என்னைக் கேட்டால், மூலப் படம் வரைந்தவருக்குச் சற்றும் குறையாத கலைஞர்கள் அவர்கள்.

கல் கனமானது, வேகமாகச் சுழலாது. வளைக்கக் கூடிய உலோகத் தகடு அதன் இடத்தைப் பிடித்தது. இன்னொரு மாற்றமும் வந்தது. தகரத்தில் படம் அச்சிட 1875இல் இங்கிலாந்தில் ராபர்ட் பார்க்ளே ஒரு முறையைக் கண்டார். கல்லும் கடினம், தகரமும் கடினம். நேராக அழுத்தினால் மை சரியாக ஏறாது. அதனால் நடுவில் மெத்தென்ற உருளை ஒன்றை வைத்தார். கல்லிலிருந்து உருளைக்கு, உருளையிலிருந்து தகரத்துக்கு. 1904 வாக்கில் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்ற அச்சகத்தார் இதையே காகிதத்தில் தற்செயலாகக் கண்டார். எந்திரம் ஓடும்போது ஒரு முறை காகிதம் வைக்கத் தவறிவிட்டது. படம் ரப்பர் சுற்றிய உருளையில் விழுந்தது. அடுத்த தாளின் பின்பக்கத்தில் அந்த உருளையிலிருந்து இன்னொரு படம் விழுந்தது. பார்த்தால், அதுதான் நேர் அச்சைவிடத் தெளிவாக இருந்தது! ரப்பர் மெத்தென்று இருப்பதால் காகிதத்தின் மேடு பள்ளங்களிலும் மையைக் கொண்டு சேர்க்கிறது. இதுவே ஆப்செட். சுவரில் தொங்கும் காலண்டர், உங்கள் பாடப்புத்தகம், இன்றைய தீப்பெட்டியின் அட்டை எல்லாம் இந்த முறையில் அச்சாகின்றன. லேபிள் ஒட்டும் வழக்கம் பெரும்பாலும் மறைந்து, படம் நேராகப் பெட்டியின் அட்டையிலேயே அச்சாகிறது. தகட்டில் படம் ஏற்றும் வேலையை இப்போது லேசர் ஒளி செய்கிறது.

ஆனால் லேசர் வந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். எந்திரத்தில் மை உருளைகளோடு ஈர உருளைகளும் சுழல்கின்றன. தண்ணீர் கூடினால் படம் வெளுக்கும். குறைந்தால் வெறும் இடத்திலும் மை படிந்து தாள் அழுக்காகும். எந்திரம் ஓட்டுபவர் நூறு தாளுக்கு ஒரு தாளை உருவிப் பார்த்துக் கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

அவர் இன்னொன்றையும் பார்க்கிறார். காலண்டர் படத்தின் மேல் உருப்பெருக்கியை வையுங்கள். சாமியின் பச்சைப் பட்டில் பச்சை மையே இல்லை! நீலப் புள்ளிகள், மஞ்சள் புள்ளிகள் மட்டும். மொத்தப் படத்துக்கும் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கே மைகள். அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை என்றால் இரண்டு வரிசைகளுக்கு இடையே 0.17 மி.மீ. தான். இந்த நான்கு நிறங்களும் ஒன்றன் மேல் ஒன்று அச்சுப் பிசகாமல் விழ வேண்டும். காகிதமோ செல்லுலோஸ் இழை. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். 30 அங்குல அகலத் தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலும் 0.76 மி.மீ. ஆகிறது. அதாவது நான்கு புள்ளி வரிசைகளுக்கும் மேல்! உதடு ஓரிடத்தில், உதட்டின் சிவப்பு வேறிடத்தில் என்று ஆகிவிடும். ஒரு நிறம் அடித்து, உலர வைத்து, பிறகு அடுத்த நிறம் அடித்த நாட்களில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. கரிசல் காட்டின் வறண்ட காற்று இங்கேதான் கைகொடுத்தது. உழவரை வாட்டிய அதே வறட்சி தீக்குச்சியைக் காய வைத்தது. காகிதத்தையும் நிலையாக வைத்தது. அதனால்தான் ஐப்பசி மழை வலுக்கும் முன் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகள் ஆடிப் பதினெட்டை ஒட்டியே சிவகாசியில் வெளியாகிவிடும்.

கடைசியாக அந்த நூறு ரூபாய் நோட்டு. பின்னணியிலுள்ள மயிரிழைக் கோலங்கள் ஆப்செட். காந்தியின் உருவத்தைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும். அது ஆழமான பள்ளத்திலிருந்து பெரும் அழுத்தத்தில் உறிஞ்சி எடுத்த மை. வரிசை எண், பழைய மேட்டு அச்சு. ஒரே தாளில் மூன்று முறைகளும் இருப்பதால்தான் கள்ள நோட்டு அடிப்பவனுக்கு மூன்று மடங்கு தலைவலி.

ஆப்செட்டின் அடிப்படையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உணவு பொதியும் அலுமினியத் தாளை ஒரு பலகையில் கசங்காமல் சுற்றுங்கள். விரல் படாமல், துணி சோப்பின் கூரான துண்டால் அழுத்தி ஒரு படம் வரையுங்கள். அதன் மேல் கோலா பானத்தை ஊற்றிச் சில விநாடிகளில் கழுவி விடுங்கள். அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் வெறும் இடங்களைத் தண்ணீர் ஒட்டும்படி மாற்றுகிறது. சமையல் எண்ணெய் தொட்ட பஞ்சால் சோப்பைத் துடையுங்கள். படம் மறைந்துவிடும், பயப்பட வேண்டாம். ஈரப் பஞ்சால் தாளை நனைத்து, எண்ணெய் வண்ணம் தடவிய சிறு உருளையை உருட்டுங்கள். படம் மீண்டும் தோன்றும். லேசாக நனைத்த காகிதத்தை அதன் மேல் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் தேயுங்கள். முதல் ஒன்றிரண்டு தாள்கள் அழுக்காக வந்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள். படம் வெளுத்தால் குறையுங்கள். பெயரை எழுதினால் மட்டும் இடம் வலமாக எழுத மறக்காதீர்கள். உங்களிடம் ரப்பர் உருளை இல்லையே!