சகோதரியைக் காப்பாற்ற சூனியம் கற்கலாமா? ஒரு வீடியோ கேம் எழுப்பும் கேள்வி

கடந்த விடுமுறையில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அக்கா போன் செய்தார். குரலில் கோபம்.

"உன் மருமகன் ராத்திரி ரெண்டு மணிக்கு டி.வி. முன்னாடி உக்காந்து மந்திரம் போட்டுக்கிட்டு இருக்கான். என்ன மந்திரம்டான்னு கேட்டா, ஆளைத் துடிக்க வைக்கிற மந்திரமாம். இது ஹராம்தானே? நீ ஒரு வார்த்தை சொல்லு, வயரைப் புடுங்கிடுறேன்."

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும் இதே கேள்வியைப் பல பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். "ஹஜ்ரத், அந்த மந்திரவாதி கேம் ஆடலாமா?" ஒரு விஷயத்தைச் சரியாக விளங்கிய பிறகுதான் அதற்கான சட்டத்தைச் சொல்ல வேண்டும் என்று மதரஸாவில் எங்களுக்குப் படித்துக் கொடுத்தார்கள். நான் அந்த கேமைப் பார்த்ததே இல்லை. ஆகவே அக்காவிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். சங்கரன்கோவிலில் எங்கள் வீடும் அவர் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். இரண்டு நாளும் இஷா தொழுதுவிட்டுப் போய் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனுக்கு 14 வயது. முதலில் தயங்கினான். பிறகு அவனே ஆர்வமாக விளக்கத் தொடங்கிவிட்டான்.

இது என்ன விளையாட்டு?

ஹாரி பாட்டர் கதைகளை வைத்து உருவாக்கப்பட்ட 'ஹாக்வார்ட்ஸ் லெகஸி' என்ற கேம் இது. அமெரிக்காவின் அவலாஞ்ச் சாஃப்ட்வேர் உருவாக்கி, வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 2023 பிப்ரவரி 10 அன்று வெளியிட்டது. அந்த ஒரே ஆண்டில் உலகம் முழுவதும் 2 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. கதை நடப்பது 1890களில். விளையாடுபவர் ஹாக்வார்ட்ஸ் என்னும் மாயப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவராகச் சேருகிறார்.

பெற்றோர் அஞ்சும் சில விஷயங்கள் இதில் இல்லை. தனியாக ஆடும் விளையாட்டு என்பதால் முகம் தெரியாதவர்களோடு பேச வேண்டியதில்லை. பணம் கட்டி ஆடும் சூதும் கிடையாது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை. அந்த வகையில் இது வராது. ஐரோப்பாவில் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றும், அமெரிக்காவில் பதின்ம வயதினருக்கு என்றும் தரம் பிரித்திருக்கிறார்கள். ஆனால் முதன்மைக் கதையை முடிக்கவே 25 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிளைக்கதைகளையும் சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் போய்விடும்.

அக்காவைக் கோபப்படுத்திய மந்திரம் ஒரு கிளைக்கதையில் வருகிறது. அதைத்தான் இரண்டு இரவும் பார்த்தேன்.

செபாஸ்டியனின் கதை

பள்ளியில் செபாஸ்டியன் என்ற மாணவன் நமக்கு நண்பனாகிறான். அவனுடைய இரட்டைச் சகோதரி ஆன். ஊரைத் தாக்கியவர்களைத் தடுக்கப் போன இடத்தில் அவள்மீது ஒரு சாபம் விழுந்துவிடுகிறது. அதிலிருந்து தீராத வலி. மருத்துவம் பலிக்கவில்லை. பெற்றோரும் இல்லை. வளர்க்கும் சித்தப்பா சாலமன், இனி குணமாகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டவர். செபாஸ்டியனால் அப்படி இருக்க முடியவில்லை. நல்ல வழிகள் கைவிட்டன, தடுக்கப்பட்ட வழியில் தேடுவேன் என்று இறங்குகிறான்.

அந்த மாய உலகத்திலும் மூன்று மந்திரங்கள் மன்னிப்பில்லாத குற்றம் என்று தடுக்கப்பட்டவை. ஒன்று ஆளைத் துடிக்க வைக்கும். ஒன்று பிறர் மனதை அடிமையாக்கும். மூன்றாவது ஒரே வீச்சில் உயிரை எடுக்கும்.

ஓரிடத்தில் செபாஸ்டியன், பார்வையற்ற நண்பன் ஓமினிஸ், நாம் ஆகிய மூவரும் பூட்டிய அறையில் சிக்கிக்கொள்கிறோம். யாராவது ஒருவர் இன்னொருவர் மீது துடிக்க வைக்கும் மந்திரத்தை ஏவினால்தான் கதவு திறக்கும். ஓமினிஸின் அத்தை முன்பு அதே இடத்தில் சிக்கி இறந்தவர். அந்த மந்திரத்தைத் தொடவே மாட்டேன் என்கிறான் அவன். சின்ன வயதில் வீட்டார் அதைச் செய்ய வைத்து அவனைக் கெடுக்கப் பார்த்த அனுபவம் அவனுக்கு உண்டு.

இங்கே முடிவு விளையாடுபவர் கையில். மந்திரத்தைக் கற்றுக்கொண்டு நண்பன் மீது ஏவலாம். கற்காமல், அவன் நம்மீது ஏவட்டும் என்று வலியைத் தாங்கிக்கொள்ளலாம். மருமகன் கற்றுக்கொண்டுதான் வந்திருந்தான். "ஏன்டா கத்துக்கிட்ட?" என்றேன். "கதவு திறக்கணும்ல மாமா. அவன் தங்கச்சியக் காப்பாத்தணும்ல" என்றான்.

சகோதரிக்காக என்று தொடங்கிய பயணம் ஒவ்வொரு படியாகக் கீழே போகிறது. பழங்காலப் பொருள் ஒன்று செபாஸ்டியன் கைக்கு வருகிறது. ஆன் வேண்டாம் என்கிறாள். ஓமினிஸ் தடுக்கிறான். எவர் சொல்லும் அவன் காதில் ஏறவில்லை. இறுதியில் தடுக்க வந்த சித்தப்பாவையே மூன்றாவது மந்திரத்தால் கொன்றுவிடுகிறான். ஆன் அவனை வெறுத்து விலகிப் போகிறாள். அவள் நோய் கடைசி வரை குணமாவதில்லை. செபாஸ்டியனைக் காட்டிக்கொடுப்பதா, மறைப்பதா என்ற முடிவை விளையாடுபவரிடம் விட்டுவிட்டுக் கதை முடிகிறது.

கதை சொல்வதும் கை கற்பதும்

நேர்மையாகச் சொல்ல வேண்டும். கதையாகப் பார்த்தால் இது தீமையைப் புகழும் கதை இல்லை. நோக்கம் நல்லதாக இருந்தாலும் தடுக்கப்பட்ட வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்டுகிறது. பி.ஏ. தமிழ் படித்தபோது மணிமேகலையில் இதற்கு நெருங்கிய இடம் ஒன்றைப் படித்திருக்கிறேன். தன்னைக் காத்துக்கொள்ள மந்திரத்தால் காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள் மணிமேகலை. காயசண்டிகையின் கணவன் அவளைத் தன் மனைவி என்றே நம்பி, அவளைத் தேடி வந்த உதயகுமரனை வெட்டிக் கொன்றுவிடுகிறான். தமிழ் வாசகருக்கு இது புதிய பாடம் அல்ல.

ஆனால் கேம் என்பது வெறும் கதை அல்ல. அதில் கையும் வேலை செய்கிறது. சித்தப்பாவைக் கொன்ற பிறகும், அந்த மந்திரத்தை எனக்கும் கற்றுக்கொடு என்று செபாஸ்டியனிடம் கேட்கும் வாய்ப்பை இந்த விளையாட்டு தருகிறது. கற்றுக்கொண்டால் எந்த எதிரியும் ஒரே பட்டனில் விழுவான். அதற்காகப் பள்ளி நம்மை வெளியேற்றாது, புள்ளியும் குறையாது. நல்லவர், கெட்டவர் என்று ஆட்டக்காரரைக் கணக்கிடும் ஏற்பாடே இதில் இல்லை. செபாஸ்டியன் குடும்பத்தை இழக்கிறான், விளையாடும் பிள்ளையோ வலிமையான ஆயுதத்தோடு அடுத்த கட்டத்துக்குப் போகிறான். காது ஒரு பாடத்தைக் கேட்க, விரல் வேறொரு பாடத்தைப் படிக்கிறது. பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இம்மூன்றையும் கற்காமலேயே முழு விளையாட்டையும் முடிக்க முடியும். இதைப் பல பிள்ளைகள் யோசித்துப் பார்ப்பதே இல்லை.

மார்க்கம் கோடு போடும் இடம்

சூனியம் கற்பதும் செய்வதும் பெரும்பாவம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அழிவில் தள்ளும் ஏழு பாவங்களை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது இணைவைப்புக்கு அடுத்ததாகச் சூனியத்தையும், அதற்கு அடுத்ததாகக் கொலையையும் வைத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). செபாஸ்டியன் இறங்கிய படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

சுலைமான் (அலை) அவர்கள் இறைமறுப்பாளர் அல்லர், ஷைத்தான்களே மக்களுக்குச் சூனியத்தைக் கற்பித்தார்கள் என்று குர்ஆன் (2:102) தெளிவாக்குகிறது. பாபிலோனில் ஹாரூத், மாரூத் இருவரும் தாங்கள் ஒரு சோதனையே என்று எச்சரித்த பிறகும் மக்கள் கற்றார்கள். தங்களுக்குத் தீங்கு தருவதையும் பயன் தராததையும் கற்றார்கள் என்பதே அந்த வசனம் சொல்லும் செய்தி.

அதே சுலைமான் (அலை) அவர்களின் பெயர் வரும் இன்னொரு செய்தியும் உண்டு. சிறுவயது ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்க, சுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் சொன்னார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள் (அபூதாவூத்). பிள்ளையின் கற்பனை அங்கே கண்டிக்கப்படவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகளின் விளையாட்டு நிற்கிறது. திரையில் பட்டனை அழுத்துவது உண்மையான சூனியம் ஆகாது. ஆனால் சூனியத்தை ரசித்து, அதை ஒரு திறமையாக விரும்பும் மனம் வளர்ந்தால் அது ஆபத்து. சூனியத்தைச் சுற்றியே அமைந்த விளையாட்டு கூடவே கூடாது என்று சொல்லும் ஆலிம்கள் உண்டு, அவர்கள் பேணுதலை மதிக்கிறேன். என் கருத்தில், விவரம் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தால், வயரைப் பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் உட்கார வேண்டும். தொழுகையும் படிப்பும் தூக்கமும் கெட்டால் எந்த விளையாட்டும் நிறுத்தப்பட வேண்டியதுதான்.

மருமகன் கேட்ட கேள்வி

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டவன் ஒன்று கேட்டான்.

"மாமா, போன வருஷம் அம்மாவுக்கு முடியாம இருந்தப்ப, யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு பக்கத்து ஊர்ல ஒரு ஆளுகிட்ட கூட்டிட்டுப் போனாங்களே. அவரு முட்டையெல்லாம் வச்சு எடுத்தாரே. அதுக்கு நாலாயிரம் குடுத்தாங்க. அதும் செபாஸ்டியன் பண்ணதுதானே?"

அக்கா அடுக்களை வாசலில் நின்றிருந்தார். யாரும் பேசவில்லை.

அவன் சொன்னது சரி. கேமில் வரும் மந்திரத்தைப் பார்த்து நடுங்கும் நாம்தான், நோயும் கடனும் வந்தால் மை போட்டுப் பார்ப்பவரிடமும் செய்வினை எடுப்பவரிடமும் வரிசையில் நிற்கிறோம். சூனியத்தைச் சூனியத்தால் எடுப்பதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது ஷைத்தானின் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (அபூதாவூத்). இணைவைப்பு கலக்காத ஓதிப்பார்த்தலை அனுமதித்தார்கள் (முஸ்லிம்). மருத்துவம் செய்யச் சொன்னார்கள். குணமாகும் வரை பொறுமையும் துஆவும் நம் பங்கு. செபாஸ்டியனுக்கு இந்த வாசல் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்தும் அவன் போன வழியில் போகிறோம் என்பதுதான் வருத்தம்.

நான் அக்காவைக் குறை சொல்லவில்லை. வலி தாங்க முடியாதபோது மனிதர் எந்தக் கதவையும் தட்டுவார். அந்த நேரத்தில் சரியான கதவைக் காட்டியிருக்க வேண்டியவன் நான். பக்கத்துத் தெருவில் இருந்தும் எனக்கு அது தெரியாமல் போனது என் குறை.

பெற்றோருக்குச் சில யோசனைகள்

பிள்ளை ஆடும் விளையாட்டை ஒரு மணி நேரமாவது கூட இருந்து பாருங்கள். "இதுல நீ யாரு? என்ன முடிவு எடுத்த?" என்று கேளுங்கள். வயது வரம்பைப் பாருங்கள். தொழுகை நேரத்தை விட்டு விளையாட்டு நேரத்தை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். இரவில் ஆடும் வழக்கம் வேண்டாம். தடுக்கப்பட்ட மந்திரங்களைக் கற்காமல் ஆட முடியும் என்று சொல்லி, அவனே அதை மறுக்கும்படி விடுங்கள். பயிற்சி அங்கேயும் நடக்கட்டும்.

அதோடு, வீட்டு நிலைப்படியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பொருட்களையும் ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். நாம் "ஹராம்" என்று சொல்லும்போது பிள்ளையின் கண் அங்கேதான் போகிறது.

மருமகன் மீண்டும் முதலிலிருந்து ஆடத் தொடங்கியிருக்கிறான், பள்ளி விடுமுறை நாட்களில் மட்டும், அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே. பூட்டிய அறைக்கு வந்தபோது எனக்குப் போன் செய்தான். "மாமா, இந்தத் தடவ கத்துக்கல. நானே வாங்கிக்கிட்டேன். அப்பவும் கதவு திறந்துருச்சு."

நோயிலும் நெருக்கடியிலும் ஹலாலான வாசலையே தேடும் மனதை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.