விசாரணை நீளும்போது பிணை பெறும் உரிமை

"சந்தேகநபரை எதிர்வரும் 14 ஆந் திகதி வரை விளக்கமறியலில் வைக்குமாறு நீதவான் உத்தரவிட்டார்" என்பது போன்ற செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசித்திருப்பீர்கள். அந்தத் திகதி வந்ததும் இன்னொரு திகதி இடப்படும். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வரவில்லை, சட்டமா அதிபரின் ஆலோசனை கிடைக்கவில்லை எனக் காரணங்கள் கூறப்படும். குற்றவாளியெனத் தீர்க்கப்படாத ஒருவரை இவ்வாறு எவ்வளவு காலம் அடைத்து வைக்கலாம்?

இலங்கை அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை இதற்கு அடிப்படையாகும். குற்றவாளியென நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியாகவே கருதப்படுதல் வேண்டும் என அது கூறுகின்றது. பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டவரைப் பொலிசார் பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் (பயண நேரம் இதில் சேராது) என்பது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் ஏற்பாடாகும்.

அதன் பின்னரான காலத்துக்கே 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் முக்கியமாகின்றது. பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்பது அதன் வழிகாட்டும் தத்துவம். சந்தேகநபர் நீதிமன்றுக்கு வராது தலைமறைவாவார், சாட்சிகளுக்கு இடையூறு செய்வார், பிணையிலிருக்கையில் வேறு தவறு புரிவார் என நம்பக் காரணமிருப்பின் பிணை மறுக்கப்படலாம். கொலை போன்ற, மரண தண்டனைக்குரிய தவறுகளில் மேல் நீதிமன்ற நீதிபதியே பிணை வழங்க முடியும்.

காலவரையறையைக் கூறுவது 16 ஆம் பிரிவு. குற்றத்தீர்ப்பும் தண்டனையும் வழங்கப்படாத எவரையும் கைது செய்யப்பட்ட திகதியிலிருந்து 12 மாதங்களுக்கு மேல் காவலில் வைத்திருக்கலாகாது. விளக்கமறியல் உத்தரவு பிறந்த திகதியிலிருந்து கணக்கிடுவது மாணவர் பலர் விடும் பிழை. 17 ஆம் பிரிவின் கீழ், சட்டமா அதிபர் விண்ணப்பித்தால், போதிய காரணங்களைப் பதிவு செய்து மேல் நீதிமன்றம் இக்காலத்தை நீடிக்கலாம். ஆனால் ஒரு தடவைக்கு 3 மாதங்கள், மொத்தமாக 12 மாதங்கள் என்பவற்றை அது தாண்டக்கூடாது. எனவே 2024 மார்ச் தொடக்கத்தில் கைதான ஒருவரை, நீடிப்பு இல்லையெனில் 2025 மார்ச் தொடக்கம் வரையும், எல்லா நீடிப்புகளும் கிடைத்தாலும் 2026 மார்ச் தொடக்கம் வரையுமே வைத்திருக்கலாம்.

இந்தியாவில் கணக்கு வேறு. அங்கு 60 நாட்களுக்குள், பாரதூரமான குற்றங்களாயின் 90 நாட்களுக்குள், பொலிசார் புலன்விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிடின் பிணை கேட்கும் உரிமை பிறக்கின்றது. ஆனால் சந்தேகநபர் கேட்பதற்கு முன்னர் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அவ்வுரிமை போய்விடும். இந்தியச் சட்டம் விசாரணையின் காலத்தை அளக்கின்றது. நமது சட்டம் காவலின் காலத்தை அளக்கின்றது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் மீதி இலகு.

பிணைச் சட்டம் எல்லோருக்கும் பொருந்தாது. பயங்கரவாதத் தடைச் சட்டம், பிணை பற்றித் தனியான ஏற்பாடுகளைக் கொண்ட ஏனைய சட்டங்கள் ஆகியவற்றின் கீழ் கைதானோர் இதற்குப் புறம்பானவர்கள். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு முடியும் வரை பல ஆண்டுகளை விளக்கமறியலில் கழித்தோர் உளர். 2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தம், கைதாகி 12 மாதங்கள் கடந்தும் வழக்கு விசாரணை தொடங்காவிடின் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணையில் விடலாம் என்றது. "விடலாம்" என்பதைக் கவனியுங்கள். அது "விட வேண்டும்" அன்று.

காலம் முடிந்தவுடன் சிறைக்கதவு தானாகத் திறப்பதில்லை. சந்தேகநபரோ அவரது சட்டத்தரணியோ நீதிமன்றில் விண்ணப்பிக்க வேண்டும். பிணை கிடைத்தாலும் காசுப் பிணைக்குப் பணமும் சரீரப் பிணைக்கு ஆட்களும் தேவை. அவை இல்லாத ஏழைகள் பிணை உத்தரவு கிடைத்த பின்னரும் உள்ளேயே இருக்க நேரிடுவதுண்டு. பிணையில் வந்தவர் விடுதலையானவர் அல்லர். அவருக்கெதிரான வழக்கு தொடரும், தவணைக்கு வரத் தவறினால் பிணையும் இரத்தாகலாம்.